நோட்டம் பார்க்க வந்தவர்

எங்கள் வீட்டைப் பார்த்தால் திருடனுக்கே பரிதாபம் வர வேண்டும். அதற்காக நான் இரண்டு வருஷமாக உழைத்துக்கொண்டிருக்கிறேன். ஒக்கலிபுரத்தில் ரயில் பாதைக்குப் பின்னால் போகும் சந்தில் நான்காவது வீடு எங்களுடையது. கீழே ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை. மேலே மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. என் பெயர் அசோகன், வயது ஐம்பத்தெட்டு. ராஜாஜிநகரில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் லேத் ஓட்டினேன். கம்பெனியை மூடியதும் வீட்டோடு உட்கார்ந்துவிட்டேன்.

சும்மா உட்காரவில்லை. கேட்டுக்கு அடித்திருந்த வெள்ளி பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துருப்பிடிக்க விட்டேன். சுவரில் பதித்திருந்த கிரானைட் பெயர்ப் பலகையைப் பெயர்த்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். வாசலில் மூன்று ஜோடி பெரிய ஷூ வைத்தேன், பத்தாம் நம்பர். வீட்டில் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான், என் கால் ஏழாம் நம்பர். பழைய சாமான் விற்பவனிடம் வாங்கிய அந்த ஷூக்களைத் தினமும் இடம் மாற்றி வைப்பேன். ஒரே இடத்தில் கிடந்தால் வருகிறவன் கண்டுபிடித்துவிடுவான் அல்லவா?

கோலத்தைக்கூட விடவில்லை. "பெருசா போட்டா நகை இருக்கிற வீடுன்னு நினைப்பான். போடாமயே வுட்டா ஊர்ல இல்லைன்னு நினைப்பான். சின்னதா, கொஞ்சம் கோணலா போடு" என்று சரளாவிடம் சொன்னேன். அவள் என் மனைவி, வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள். நேர்கோட்டில் கத்தரிக்கோல் ஓட்டும் கைக்குக் கோணல் வராது. மாவுக் கிண்ணத்தை என் கையில் திணித்து, "நீங்களே கோணலா போட்டுக்கங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த போர்டு. 'இந்தச் சொத்தின் மீது கோர்ட்டில் வழக்கு நடக்கிறது' என்று கன்னடத்தில் சிவப்பு எழுத்தில் எழுதி வாங்கி கேட்டுக்குப் பக்கத்தில் அறைந்தேன். கேஸ் நம்பருக்கு என் பழைய கம்பெனி டோக்கன் நம்பரைக் கொடுத்தேன். கேஸ் உள்ள வீட்டுக்கு அமீனா வருவான், வக்கீல் வருவான், போலீஸ் வரும். எந்தத் திருடன் அங்கே கை வைப்பான்? பீட் கான்ஸ்டபிள் உமேஷ் பைக்கை நிறுத்தி அதைப் படித்துவிட்டு, "ஏன் அசோகண்ணா, மனெ நிம்தா, கோர்ட்தா?" என்று சிரித்தார். வீடு உங்களுடையதா, கோர்ட்டுடையதா என்று கேட்கிறார். சிரிக்கட்டும். அவர் வீட்டில் எதுவும் போகவில்லை.

இவ்வளவும் ஏன் என்று கேட்டால் சரளாவும் என் மகள் வீணாவும் ஒரு காரணம் சொல்வார்கள். எனக்கு மட்டும் தெரிந்த காரணம் வேறு.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீராமபுரத்தில் என் பெரியப்பா வீட்டில் காது குத்து. கிளம்பும்போது எனக்கு ஒரு கையில் சீர்த் தட்டு, ஒரு கையில் பூட்டு. செருப்பு வார் கழன்றது. பூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்து வாரை மாட்டினேன். சரளாவும் வீணாவும் முன்னாலேயே போய் ஏறியிருந்த ஆட்டோ சந்து முனையில் ஹாரன் அடித்தது. கதவை இழுத்துத் தாழ்ப்பாளை மட்டும் போட்டுவிட்டு ஓடினேன். இதை மறதி என்று சொல்லலாம். மறதிதான், மத்தியானம் ஒன்றரை மணி வரைக்கும்.

ஒன்றரை மணிக்குப் பந்தியில் உட்கார்ந்தேன். இலையைத் துடைக்கக் குனிந்தபோது சட்டைப் பை கனத்துத் தொங்கியது. கை விட்டுப் பார்த்தால் பூட்டு. அப்போதே எழுந்து ஆட்டோ பிடித்திருந்தால் கால் மணி நேரத்தில் வீடு. ஆனால் இலையில் உட்கார்ந்தவன் எழுந்தால் நாலு பேர் என்ன ஏது என்று கேட்பார்கள். கதவைப் பூட்டாமல் வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். பெரியப்பா பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கிண்டல் வைத்திருப்பார்கள். பிரியாணி வாளியும் என் வரிசைக்கு வந்துவிட்டது. இந்த ரெண்டு மணி நேரத்தில் எவன் வந்துவிடப் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிட்டேன். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வெற்றிலையும் போட்டேன்.

மூன்றரைக்கு வந்து பார்த்தால் பீரோ திறந்து கிடந்தது. பன்னிரண்டு பவுன். வீணா கல்யாணத்துக்கென்று பதினாலு வருஷம் சரளா ஊர்ப் பெண்களுக்கெல்லாம் பிளவுஸ் தைத்துச் சேர்த்தது. பூட்டை உடைத்தவன் அதையும் கையோடு எடுத்துப் போய்விட்டான் என்று போலீஸில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அந்தப் பூட்டை ரயில் பாதை ஓரத்துச் சாக்கடையில் போட்டேன். அந்த வருஷம் வீணாவுக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் ஒரு காரணமும் சொல்லாமல் நின்றுபோயிற்று.

அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குளிக்கப் போனாலும் பாதியில் வந்து கதவைப் பார்ப்பேன். சோற்றில் கை வைத்தால் வாசலில் ஏதோ சத்தம் கேட்டதுபோல் இருக்கும். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடியும் கேட்கும்.

இந்த ஆவணியில் வீணாவுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. பையன் கவியரசன், சந்தாபுராவில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அப்பா இல்லை. அம்மாவும் தாய்மாமனும் வளர்த்த பிள்ளை. நகை நட்டு பற்றிப் பேச்சே வேண்டாம் என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். வீணாவுக்கு இருபத்தேழு வயது. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குப் போகிறாள். அவனோடு நான்கைந்து தடவை போனில் பேசியதில் அவளுக்குப் பிடித்துவிட்டது. மாடிப்படியில் உட்கார்ந்து அவள் சிரிப்பதைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று! இந்தச் சம்பந்தமும் நின்றால் என்னை நானே மன்னிக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

பெண் கொடுக்கிறவன் விசாரிக்காமல் கொடுப்பானா? சந்தாபுராவுக்குப் போய், பையன் வீட்டுக்கு எதிர் டீக்கடையில் அரை நாள் நின்றேன். மூன்று டீ குடித்தேன். சொந்த வீடா, யார் யார் வந்து போகிறார்கள், பையன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவான், வரும்போது நேராக நடக்கிறானா என்றெல்லாம் கடைக்காரனைத் துருவினேன். துவைத்துக் காயப்போட்டிருந்த துணியைக்கூட எண்ணினேன். எல்லாம் திருப்தி. சரி என்று தரகரிடம் சொன்னேன்.

"நீங்க போன மாதிரி அவங்க பக்கத்துலருந்தும் யாராவது வருவாங்க. வீட்டுக்குள்ள வரமாட்டாங்க, தெருவுல நின்னு பாத்துட்டுப் போவாங்க. அந்த போர்டை மொதல்ல கழட்டுங்க. கேட்டுக்கு ரெண்டு கை பெயிண்ட் அடிங்க" என்று சரளா சொன்னாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வராங்க இல்ல, சனிக்கிழமை கழட்டிக்கலாம். அதுக்குள்ள இன்னா அவசரம்? போர்டைக் கழட்டின அன்னிக்கே எவனாவது பூந்துட்டா?"

"சாக்கு பா" என்றாள் வீணா. போதும் என்பதை அவள் எப்போதும் கன்னடத்தில்தான் சொல்வாள். "உள்ள எடுத்துகினு போக இன்னா இருக்குது?"

நான் கதவைப் பார்க்கப் போய்விட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். வீணா வேலைக்குப் போயிருந்தாள். சரளா உள்ளே மிஷினில் இருந்தாள். நான் மொட்டை மாடியில் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே சீனுவின் பெட்டிக்கடையில் ஒருவர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, தோளில் ஒரு பை. சந்தில் எல்லாரையும் எனக்குத் தெரியும். இவர் புதுசு. சோடாவைக் குடித்தாரே தவிர கண் எங்கள் வீட்டு மேல்தான் இருந்தது. நான் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

அவர் சந்தைத் தாண்டி வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். போர்டை விரல் வைத்துப் படித்தார். செல்போனை எடுத்து அதைப் படம் பிடித்தார். ஷூக்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார். இரண்டு வருஷம் காத்திருந்தேனே, இவனுக்காகத்தான். சத்தமில்லாமல் இறங்கிப் பின்பக்கமாகச் சுற்றி, சீனு கடைக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். அதற்குள் அவர் கடைக்குத் திரும்பியிருந்தார்.

"வீட்ல மொத்தம் எத்தினி பேரு?" என்று கேட்டார். "பகல்ல வீட்ல யாராவது இருப்பாங்களா? அந்தப் பொண்ணு எத்தினி மணிக்கு வேலைக்குப் போவுது, எப்ப திரும்புது? சொந்த வீடுதானே?"

இதற்கு மேல் எவன் பொறுப்பான்? பாய்ந்து காலரைப் பிடித்து, விட்டேன் ஓர் அறை. கண்ணாடி பறந்து சாக்கடைப் பலகை மேல் விழுந்தது. "திருடன், திருடன்! நோட்டம் பாக்க வந்துகீறான், பிடிங்க!" என்று கத்தினேன். சந்தில் இருந்த கதவெல்லாம் திறந்தது. இரண்டு பேர் ஓடி வந்து அவர் கையைப் பின்னால் முறுக்கினார்கள். சீனு மட்டும் பெட்டிக்குள்ளிருந்து, "அண்ணா வுடுண்ணா, அண்ணா கேளுண்ணா" என்று என் சட்டையை இழுத்துக்கொண்டே இருந்தான்.

அவர் திமிறவில்லை. கன்னம் சிவந்து, கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நான் சந்தாபுராலருந்து வரேன். பேரு கணேசமூர்த்தி. கவியரசன் எங்க அக்கா பையன்" என்றார்.

நான் காலரை விடாமல் நின்றேன். விடவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் விரல் பிரியவில்லை. சீனுதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டான்.

சரளா கழுத்தில் டேப் தொங்க வெளியே வந்தாள். யார் என்று கேட்டதும் அவள் முகம் போன போக்கை நான் சொல்லமாட்டேன். ஓடிப்போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். கணேசமூர்த்தி கண்ணாடியைப் பொறுக்கித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒரு பக்கக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. "வேணாம்மா" என்றார். தண்ணீரைத் தொடாமல் சந்தைத் தாண்டிப் போய்விட்டார்.

சாயங்காலம் வீணா வந்தாள். விஷயம் போனிலேயே அவளுக்கு வந்துவிட்டது. பையைக்கூட இறக்கி வைக்காமல் என் எதிரில் நின்றாள்.

"பா, நீங்க சந்தாபுரா போய் டீக்கடையில நின்னு இதையேதானே கேட்டீங்க? உங்களை யாராவது அடிச்சாங்களா?"

அவ்வளவுதான். அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை. வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. தரகர் போனை எடுக்கவில்லை. மாடிப்படி காலியாக இருந்தது. நான் வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்தேன். சனிக்கிழமை போர்டைக் கழட்டலாம் என்று ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனேன், யாருக்காகக் கழட்டுவது என்று திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சரளா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "கிளம்புங்க. நேர்ல போய் மன்னிப்பு கேக்கலாம்" என்றாள். நீயும் வாயேன் என்று வீணாவைக் கூப்பிட்டேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "யாராவது வீட்ல இருக்கணும் இல்ல? தொறந்துட்டுப் போக முடியுமா?" என்றாள். குத்திப் பேசினாளா, சாதாரணமாகச் சொன்னாளா தெரியவில்லை.

மெஜஸ்டிக்கில் பஸ் ஏறி, சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் வெந்து, சந்தாபுரா போய்ச் சேர பதினொன்றரை ஆயிற்று. கவியரசனின் அம்மா கதவைத் திறந்து வாங்க என்றார். குரலில் ஈரம் இல்லை. கணேசமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் விரிசல் அப்படியேதான் இருந்தது. கவியரசன் சுவரோரமாக நின்றான்.

நான் கைகூப்பினேன். "தப்பு பண்ணிட்டேன். திருடன்னு நினைச்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

"அடிச்சதை வுடுங்க. தெரியாம அடிச்சீங்க, சரி" என்றார் கணேசமூர்த்தி. "அந்தக் கோர்ட் கேஸ் இன்னா? அதை ஏன் எங்ககிட்ட மறைச்சீங்க?"

"கேஸே இல்லைங்க. அது சும்மா, திருடன் வராம இருக்கறதுக்கு."

"அந்த ஷூ?"

"அதுவும் சும்மாதான்."

அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வாசல்ல பொய்யை எழுதி மாட்டிட்டு, உள்ள மட்டும் நிஜம் பேசுவீங்கன்னு நாங்க எப்படி நம்பறது? நாளைக்கு ஏதாவது கேட்டா, அதுவும் சும்மான்னு சொல்வீங்க. ஒரு மனுஷனுக்கு இவ்ளோ பயம் எதுக்கு? அதை சொல்லுங்க மொதல்ல."

சரளா என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் இதைச் சொல்லக்கூடாது என்றுதான் இரண்டு வருஷமாக ஓடினேன். இப்போது சொல்லாவிட்டால் வீணாவின் கல்யாணம் இந்த ஹாலிலேயே முடிந்துவிடும்.

"எங்க வீட்ல திருடன் பூட்டை உடைக்கலைங்க" என்றேன். "நான் பூட்டவே இல்லை. ஆட்டோ வந்த அவசரத்துல மறந்துட்டேன். பொண்ணோட நகை அத்தனையும் என்னாலதான் போச்சு. போலீஸ்கிட்டயும் பொய், வீட்லயும் பொய். அன்னிலருந்து கண்ணுல படறவன் எல்லாம் திருடனா தெரியறான்."

சரளா பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. கணேசமூர்த்திதான் அவளைக் கேட்டார். "உங்களுக்கு இது தெரியுமாம்மா?"

"தெரியும்" என்றாள் சரளா. "அன்னிக்கு சாயங்காலம் துணி ஊற வெக்க இவர் சட்டையை எடுத்தேன். பையில பூட்டு இருந்துது. திரும்ப ஆணியிலயே மாட்டி வெச்சிட்டேன்."

இரண்டு வருஷம்! கோணல் கோலம் போடச் சொன்னபோது, ஷூவை இடம் மாற்றியபோது, சோற்றை விட்டு எழுந்து ஓடியபோது எல்லாம் இவளுக்குத் தெரியும்.

கவியரசனின் அம்மா எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். முதலில் சரளாவுக்குக் கொடுத்தார். காபி வந்தது. கணேசமூர்த்தி கன்னத்தைத் தடவிக்கொண்டு, "கை கொஞ்சம் பலமாத்தான் கீது உங்களுக்கு" என்று சொன்னதும் கவியரசன் சிரித்துவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அதற்குள் அந்தப் போர்டு போயிருக்க வேண்டும் என்றார்கள். கவியரசன் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். யாருக்குப் பேசப் போகிறான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. நடுவில் ஒரு சீட்டில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். உடம்பில் பாரமே இல்லாதது மாதிரி இருந்தது. வழியில் கடைகளின் பெயரையெல்லாம் படித்துக்கொண்டு வந்தேன். சரளா முந்தானையால் என் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் பஸ்ஸில் அவள் அப்படிச் செய்ததில்லை.

"ஏன் என்னை ஒண்ணும் கேக்கல?" என்றேன்.

"கேட்டு இன்னா பண்றது? நகை வந்துடுமா? மறந்துட்டீங்க. மறதிக்கு ஒரு மனுஷனை எவ்ளோ நாள் கோவிச்சுக்கறது? நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். இன்னிக்கு சொல்லிட்டீங்க."

இதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். நான் மறக்க மட்டும்தான் செய்தேன் என்று நம்பித்தான் அவள் மன்னித்திருக்கிறாள். அந்த மன்னிப்பு என்னுடையது இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அதை வாங்கி வைத்துக்கொண்டு இன்னொரு இரண்டு வருஷம் என்னால் வாசலுக்கும் ஹாலுக்கும் நடக்க முடியாது.

"சரளா, காது குத்து வீட்லயே பூட்டைப் பாத்துட்டேன்" என்றேன்.

அவள் திரும்பினாள். "எப்ப?"

"பந்தியில உக்காந்தப்ப. பையில இருந்துது. எழுந்து வந்திருக்கலாம். நாலு பேர் சிரிப்பாங்கன்னு வரல."

"சாப்பிடறதுக்கு முன்னாலயா?"

"முன்னாலதான்."

சரளா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நான் எதிர் வரிசையிலதானே உக்காந்திருந்தேன்" என்றாள். "கண்ணைக் காட்டியிருந்தா நான் எழுந்து ஓடியிருப்பேனே. எனக்கு யார் சிரிச்சா இன்னா?"

அதற்கு நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஓடுகிற பஸ்ஸில் தள்ளாடிக்கொண்டே முன்னால் போய், டிரைவருக்குப் பின்னால் இருக்கும் பெண்கள் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அங்கே ஆண்கள் உட்கார முடியாது. மெஜஸ்டிக் வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அவ்வளவு நேரமும் அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.